ஷா ஆலம் ஏரியில் ஒரு காற்புள்ளி

1

முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இது கதையாகப் பிறக்கவில்லை. ஞாயிறு மலரின் ஆரோக்கியப் பக்கத்துக்கு அறுநூறு சொல்லில் கேட்கப்பட்ட கட்டுரை இது. தலைப்பைக்கூட ஆசிரியரே வைத்துவிட்டார்: ‘கயாக் ஓட்டுங்கள், மையத் தசைகளை வலுப்படுத்துங்கள்!’ ஆச்சரியக்குறியும் அவருடையதுதான்.

நான் கயாக்கை அருகில் பார்த்ததில்லை. என்னுடைய மையத் தசைகளையும் பார்த்ததில்லை. பிரிக்பீல்ட்ஸில் நான்காம் மாடியில் குடியிருக்கிறேன். லிஃப்ட் பழுதாகும் நாள்களில் மட்டும், அந்தத் தசைகள் இருக்கவேண்டிய இடத்தில் இல்லை என்பது தெரியவரும். எனவே என் முதுகைப் பிடித்துவிடும் பிசியோ இந்துஜாவிடம் போய் யோசனை கேட்டேன்.

“நான் சொல்றத எழுதாதீங்க, போரிங்கா இருக்கும்” என்றாள். “என் பேஷண்ட் ஒருத்தங்க இருக்காங்க. ஞாயித்துக்கெழம காலைல ஷா ஆலம் லேக்ல போய்ப் பாருங்க. பேரு புஷ்பவல்லி. கவனமா இருங்க அக்கா, அவங்க சொன்னதுல ஒரு வார்த்தைய மாத்தினாலும் புடிச்சிடுவாங்க.”

நான் மாற்றினேன். அவர் பிடித்தார். அறுநூறு சொல் இப்படி வளர்ந்தது அப்படித்தான்.

2

மூன்று தொடக்கங்கள் எழுதினேன்.

முதல் தொடக்கம்: ஏரியின்மேல் மெல்லிய பனி படர்ந்திருந்த அந்த வைகறையில், புஷ்பவல்லி தன் வாழ்வின்—

(ஷா ஆலத்தில் பனி கிடையாது. காலை எட்டு மணிக்கே வேர்வைதான்.)

இரண்டாம் தொடக்கம்: அறுபது வயதில் கயாக் ஓட்டலாமா? தாராளமாக ஓட்டலாம் என்கிறார்கள் வல்லுந—

(எந்த வல்லுநர்கள்? இந்துஜா ஒருத்திதான்.)

மூன்றாம் தொடக்கம் புஷ்பவல்லி தந்தது. அதையே வைத்துக்கொண்டேன்:

பணி ஓய்வு பெற்ற பதினோராம் நாள், கிள்ளானில் தன் வீட்டில், கட்டிலடியில் உருண்டுபோன மூக்குக்கண்ணாடியை எடுக்கத் தரையில் உட்கார்ந்த புஷ்பவல்லியால் எழுந்திருக்க முடியவில்லை.

வலியென்று பெரிதாக இல்லை. வயிற்றுக்கும் முதுகுக்கும் நடுவே யாரோ திருகாணியைக் கழற்றிவிட்டுப் போனதுபோல் இருந்தது. கட்டில் காலைப் பிடித்தாள். கட்டில்தான் நகர்ந்து வந்தது. ஒருக்களித்துப் பார்த்தாள், அப்படியே படுக்கத்தான் முடிந்தது. கணவர் நாகையா மீன் வாங்கப் பாசாருக்குப் போயிருந்தார். நாற்பது நிமிடம் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். மின்விசிறியின் ஓர் இறக்கையில் மட்டும் தூசு துடைக்கப்படாமல் இருப்பதை அன்றைக்குத்தான் கவனித்தாளாம்.

நாகையா வந்தார். அவரும் குனிய முடியாதவர். கையைப் பிடித்து இழுத்ததில் அவரும் கீழே வந்துவிட்டார். இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்து ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“மீன பிரிட்ஜ்ல வச்சீங்களா?” என்று கேட்டாள் புஷ்பவல்லி.

“மேசை மேல இருக்கு.”

“அப்ப பூனைக்கு.”

பக்கத்து வீட்டுக்காரர் வந்து ஒவ்வொருவராகத் தூக்கி நிறுத்தும்வரை இருவரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். சிரிக்கும்போது முதுகு இன்னும் வலித்தது. அன்று இரவுச் சாப்பாட்டில் மீன் இல்லை.

3

இந்தப் பகுதியை வாசித்துக் காட்டியபோது புஷ்பவல்லி முதல் ஆட்சேபத்தை எழுப்பினார்.

“அது என்ன, என்னய ‘அவள்’னு எழுதியிருக்கீங்க? ‘வந்தாள், படுத்தாள்’னு?”

கதையில் அப்படித்தான் எழுதுவது வழக்கம், ஆளோடு நெருங்கிப் போகலாம் என்று விளக்கினேன். (இந்தப் பக்கங்களில் அவர் என்னோடு உட்கார்ந்து பேசும்போது ‘அவர்’, கதைக்குள் போனால் ‘அவள்’. நீங்களும் அப்படியே பழகிக்கொள்ளுங்கள்.)

“நெருங்கணும்னா ‘நான்’னு எழுதுங்க” என்றார். “முப்பத்தொரு வருஷம் நான் அப்படித்தான் வேலை பாத்தேன்.”

புஷ்பவல்லி நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர். தமிழில் சாட்சி சொல்பவர்களின் பேச்சை நீதிபதிக்கு மலாயில் சொல்வது அவருடைய வேலை. அந்த வேலையில் ‘இவர் திருடினேன் என்கிறார்’ என்று சொல்லக்கூடாது. ‘நான் திருடினேன்’ என்றே சொல்லவேண்டும். சாட்சியின் குரலாகவே ஆகிவிடவேண்டும்.

“காலைல நான் கத்தியால குத்தினேன். மத்தியானம் நானே குத்து வாங்கினேன். சாயங்காலம் நான் போலீஸ்காரர். ஒரு தடவ ஒரே வாரத்துல மூணு புருஷன டைவர்ஸ் பண்ணேன் லா.”

இருந்தாலும் ‘அவள்’ என்றே எழுதினேன். எனக்கும் ஒரு பிடிவாதம் உண்டு.

4

இந்துஜா செய்த சோதனை எளிமையானது: தரையில் உட்கார், கையை ஊன்றாமல் எழுந்திரு. புஷ்பவல்லி உட்கார்ந்ததோடு சரி.

“ஆன்டி, உங்க முதுகுல பெரிய கோளாறு இல்ல. கோர்தான் வேலை செய்யல.”

“கோர்னா?”

“வயிறு.”

“வயிறு நல்லா வேலை செய்யுதும்மா. நேத்து ஆறு இட்லி.”

“அந்த வயிறு இல்ல. உள்ள இருக்கிற மசில். முன்னாடி வயிறு, ரெண்டு பக்க விலா, பின்னாடி முதுகு, கீழ இடுப்பு, எல்லாம் சேந்து பெல்ட் மாதிரி.”

புஷ்பவல்லிக்கு முதுகு மறந்துவிட்டது. அந்தச் சொல்லுக்குத் தமிழ் என்ன என்பதுதான் இப்போது அவளுக்குப் பிரச்சினை. ‘மையத் தசை’ என்றால் கணக்குப் பாடம்போல இருக்கிறது. ‘நடுவுடல்’ என்றால் பிணப் பரிசோதனை அறிக்கை. ‘இடுப்பு’ என்றால் குறைகிறது, ‘வயிறு’ என்றால் இட்லி வந்துவிடுகிறது. முப்பத்தொரு வருடத்தில் ஒரு சொல்லுக்கு இவ்வளவு நேரம் யோசிக்க யாரும் அவளை விட்டதில்லை. கடைசியில் அவளும் ‘கோர்’ என்றே ஒப்புக்கொண்டாள்.

(ஆசிரியர் கேட்ட தகவலை இங்கேயே கொடுத்துவிடுகிறேன். கயாக் ஓட்டுவது கைக்கான பயிற்சி இல்லை. உட்கார்ந்த இடத்தில் இடுப்புக்கு மேலுள்ள உடம்பு வலமும் இடமுமாகத் திரும்பிக்கொண்டே இருக்கவேண்டும். தண்ணீர் ஆடும்போது கவிழாமல் பிடித்துவைப்பதும் அந்தத் தசைகள்தான். பாயில் படுத்துச் செய்யும் பயிற்சி அலுத்துப்போகிறவர்களுக்கு இது நல்லது. முதுகுவலி உள்ளவர்கள் தங்கள் பிசியோவைக் கேட்டுவிட்டுத் தொடங்கவேண்டும். கட்டுரை முடிந்தது.)

5

ஏரிக்கரையில் கயாக் சொல்லிக்கொடுப்பவன் யுகேந்திரன். நாற்பத்தொரு வயது. வெயிலில் கறுத்த தோள்கள், குறைந்த பேச்சு. வாரநாள்களில் பண்டமாரானில் ஒரு கிடங்கில் வேலை, ஞாயிறுகளில் இங்கே. முதல் நாள் புஷ்பவல்லிக்கு லைஃப் ஜாக்கெட்டை மாட்டி, வாரை இழுத்துக் கட்டும்போது, “மூச்சு விட முடியுதா ஆன்டி?” என்று மட்டும் கேட்டான்.

இருவர் அமரும் படகு. அவள் முன்னால், அவன் பின்னால். படகு அசைந்ததும் அவள் இரண்டு பக்கமும் இறுகப் பிடித்துக்கொண்டாள். துடுப்பு மடியில் கிடந்தது. அப்படியே பத்து நிமிடம் ஏரியைச் சுற்றிப் பார்த்தாள். பயணி மாதிரி.

இரண்டாம் ஞாயிறு துடுப்பைத் தொட்டாள். மூன்றாம் ஞாயிறு தோள் வீங்கிவிட்டது.

“கையால இழுக்கிறீங்க ஆன்டி. இழுக்காதீங்க. மேல் கையால தள்ளுங்க, இடுப்பு தானா திரும்பும். காலையும் மிதிங்க. வலப்பக்கம் துடுப்பு போட்டா வலது கால். ஹா, தள்ளுங்க. தள்ளுங்க!”

நான்காம் ஞாயிறுதான் நான் முதன்முதலாகப் போனேன். கரையில் பிளாஸ்டிக் நாற்காலியில் தே தாரிக் தேநீரோடு உட்கார்ந்து குறிப்பெடுத்தேன். அவளுடைய முதுகு நிமிர்ந்திருந்தது. துடுப்பு ஏறி இறங்கியது. விலாவிலிருந்து உடம்பு முழுக்கத் திரும்பிப் போவதும் வருவதும் எனக்கே தெரிந்தது. ஏரியின் நடுவில் படகு நின்றது. இருவரும் ஏதோ பேசுவது தெரிந்தது. பிறகு அவள் துடுப்பே போடவில்லை. அவன் ஒருவனாகவே படகைக் கரைக்குக் கொண்டுவந்தான்.

இறங்கியவளின் முகம் வெளுத்திருந்தது. “வெயில்” என்றாள்.

வெயில் இல்லை. நடந்தது இதுதான்: அவன் பின்னாலிருந்து சொல்லியிருக்கிறான், “ஆன்டி, ஒண்ணு சொல்லட்டா? மொத நாளே உங்கள தெரிஞ்சிடுச்சி. குரல வச்சி.”

“என் குரலா?”

“கோர்ட்ல. பத்தொம்பது வருஷம் இருக்கும். எனக்கு இருபத்திரண்டு வயசு. என் பக்கத்துல நின்னு எனக்காகப் பேசினீங்க. என் ஆளுங்க ஒருத்தன்கூட வரல ஆன்டி. அந்த ரூம்ல எனக்காகப் பேசின ஒரே ஆள் நீங்கதான்.”

6

(இங்கே ஒரு வாசகர் முகம் சுளிப்பது தெரிகிறது. ‘இவ்வளவு பேர் இருக்கிற சிலாங்கூரில் இவளுக்கு இவனேதான் துடுப்புச் சொல்லிக்கொடுக்க வேண்டுமா?’ நானும் புஷ்பவல்லியிடம் அதைக் கேட்டேன். “முப்பத்தொரு வருஷத்துல எத்தன பேருக்குப் பேசியிருப்பேன்? பாசார்ல மீன் வெட்டறவர், பள்ளிக்கூட வேன் ஓட்டறவர், எங்க வீட்டுக்கு கேஸ் சிலிண்டர் கொண்டாந்து போடறவர், எல்லாரும் ஒரு நாள் என் பக்கத்துல நின்னவங்கதான்” என்றார். நம்புகிறேன்.)

எந்த நீதிமன்றம் என்று எழுதக்கூடாது என்பது அவர் போட்ட நிபந்தனை. எழுதவில்லை.

ஒரு சாப்பாட்டுக் கடை வாசலில் இரண்டு கும்பலுக்குள் சண்டை. அடுத்த கும்பலைச் சேர்ந்த ஒருவன் லோங்காங் என்னும் சாலையோரப் பெரிய சாக்கடையில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்து கிடந்தான். தள்ளியது யுகேந்திரன் என்பது வழக்கு. அவன் கூண்டில் ஏறித் தமிழில் சொன்னான்: “சண்ட பெருசாயிடுச்சி. நான் அவன தள்ளிட்டுப் போனேன். அப்புறம் பாத்தா அவன் லோங்காங்ல கெடக்கான்.”

தள்ளிட்டுப் போனேன்.

இந்தச் சொல்லைக் கொஞ்சம் வாயில் போட்டுப் பாருங்கள். ‘தள்ளிவிட்டுப் போனேன்’ என்றும் ஆகலாம். ‘தள்ளிக்கிட்டுப் போனேன்’ என்றும் ஆகலாம். முதலாவது, அவனைச் சாக்கடையில் தள்ளிவிட்டு ஓடினான். இரண்டாவது, சண்டையிலிருந்து அவன் முதுகில் கைவைத்து அப்பால் தள்ளிக்கொண்டு போனான். அவசரமாகப் பேசும் தமிழனுக்கு இரண்டும் ஒரே ‘தள்ளிட்டு’தான்.

இப்படிச் சந்தேகம் வந்தால் மொழிபெயர்ப்பாளர் செய்யவேண்டியது என்ன என்பது புஷ்பவல்லிக்குத் தெரியும். நீதிபதியிடம் அனுமதி கேட்டு, சாட்சியிடம் ‘எதைச் சொல்கிறீர்கள்?’ என்று கேட்கலாம். அரை நிமிட வேலை. அப்போது மணி பன்னிரண்டு ஐம்பது. காலையிலிருந்து நின்றுகொண்டிருந்தாள். கீழ்முதுகு விண்விண்ணென்று தெறித்தது. இடைவேளை விட்டால் போதும் என்றிருந்தது. மலாயில் இரண்டு துண்டாகச் சொன்னாள்: நான் அவனைத் தள்ளினேன், பிறகு போனேன்.

நடுவே இருந்த காற்புள்ளி அவன் போட்டதில்லை. அவள் போட்டது.

இரண்டு வருடம் சிறை. அந்த ஒரு வாக்கியத்தால்தான் என்று யாரும் சொல்லமுடியாது. மற்ற சாட்சிகளும் இருந்தார்கள். அவளுக்கேகூட அப்போது எதுவும் தோன்றவில்லை. தீர்ப்பு வந்து சில நாள் கழித்து ஒரு சாயங்காலம், நாகையா வேர்த்து விறுவிறுத்து வீட்டுக்குள் நுழைந்து சொன்னார்: “பெட்ரோல் தீந்திடுச்சி புஷ்பா. ரெண்டு கிலோமீட்டரு மோட்டார தள்ளிட்டு வந்தேன்.”

குழம்புக் கரண்டி கையில் அப்படியே நின்றது.

மேலிடத்துக்கு எழுதியிருக்கலாம். எழுத உட்கார்ந்தாள். ‘எனக்கு ஒரு சொல்லில் சந்தேகம்’ என்று எழுதிவிட்டு, தன் வேலையை நினைத்து, கிழித்துப் போட்டாள். பத்தொன்பது வருடம் யாரிடமும் சொல்லவில்லை. நாகையாவிடமும் சொல்லவில்லை. அவர் மோட்டார்சைக்கிளைத் தள்ளி வந்ததற்காக மனைவி ஏன் அன்று அழுதாள் என்பது அவருக்கு இன்றும் விளங்கவில்லை. அன்பு என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். அதையும் மாற்றவேண்டாம் என்றார் புஷ்பவல்லி.

7

அடுத்த ஞாயிறு அவள் ஏரிக்கு வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. கரையில் நானும், காலிப் படகும், யுகேந்திரனும்.

“ஆன்டிக்கு உடம்புக்கு ஏதும் முடியலையா?” என்று என்னைக் கேட்டான். எனக்கு அப்போது எதுவும் தெரியாது. ஆசிரியர் கட்டுரையைக் கேட்டு இரண்டு முறை போன் செய்துவிட்டார் என்பது மட்டும் தெரியும்.

(இந்த இடத்தில் ஒரு வசதியான முடிவு இருந்தது. அவள் திரும்பவே வரவில்லை, படகு காலியாக ஆடிக்கொண்டிருந்தது என்று எழுதி, ஏரியைப் பற்றி இரண்டு வரி சேர்த்தால் இலக்கியமாகிவிடும். எழுதியும் பார்த்தேன். ‘காற்று மட்டும் துடுப்பு வலித்துக்கொ—’ எனக்கே வெட்கமாக இருந்தது.)

அவளைத் திருப்பிக் கொண்டுவந்தது மனசாட்சி என்று எழுதினால் நன்றாக இருக்கும். உண்மையில் அது இந்துஜா. புதன்கிழமை மறுபடியும் தரையில் உட்காரவைத்தாள். புஷ்பவல்லி எழுந்தாள், ஆனால் பாதியில் ஒரு கையை ஊன்றினாள்.

“போன மாசம் கைய ஊனல. ஏன் லேக்குக்குப் போகல?”

“மழை.”

“ஆன்டி, நானும் அங்கதான் பக்கத்துல இருக்கேன். மழையே இல்ல. எதுக்குப் பயப்படுறீங்க? தண்ணிக்கா?”

“தண்ணிக்கு இல்லம்மா.”

இந்துஜாவுக்குச் சொன்னாள். பத்தொன்பது வருடத்தில் முதல் ஆளாக, பயிற்சிப் பாயில் உட்கார்ந்தபடி எல்லாவற்றையும் சொன்னாள். இந்துஜா வைத்தியத்தில் கெட்டிக்காரி. ஆறுதல் சொல்லத் தெரியாதவள். கேட்டு முடித்துவிட்டு, “அப்ப அன்னிக்கு கேக்காத கேள்வி இன்னும் பாக்கி இருக்கு, அவ்வளவுதானே?” என்றாள். “கேளுங்க. கேட்டுட்டு அடுத்த புதன் வாங்க. இப்ப இடது பக்கம் திரும்பிப் படுங்க.”

8

ஏழாம் ஞாயிறு. இனி வருவதில் பாதி நான் கரையிலிருந்து கண்டது, பாதி அவர் பிறகு சொன்னது.

இருவர் படகு. அவள் முன்னால், அவன் பின்னால். இந்தப் படகில் வசதியும் வசதிக்கேடும் ஒன்றேதான். முன்னால் இருப்பவளால் பின்னால் இருப்பவனின் முகத்தைப் பார்க்கமுடியாது. ஏரியின் நடுவுக்கு வரும்வரை அவள் துடுப்புப் போட்டாள். பிறகு தண்ணீரைப் பார்த்தபடியே சொன்னாள். மணி பன்னிரண்டு ஐம்பது, மலாய் வாக்கியம், மோட்டார், கிழித்த கடிதம். எதையும் குறைக்கவில்லை, கூட்டவில்லை. அந்தப் பழக்கம் அவளுக்கு உண்டு.

பின்னால் துடுப்புச் சத்தம் நின்றது.

படகு தன்போக்கில் மெல்லச் சுற்றியது. கரை, மரங்கள், பள்ளிவாசலின் நீலக் குவிமாடம், மறுபடியும் கரை. நான் அதைத்தான் பார்த்தேன். ஓய்வெடுக்கிறார்கள் என்று நினைத்தேன்.

“அன்னிக்கே ஏன் ஆன்டி கேக்கல?”

“முதுகு வலிச்சது.”

பத்தொன்பது வருடத்தில் எத்தனையோ காரணங்களை யோசித்து வைத்திருந்தாளாம். சட்டம் தெரிந்தவள் சொல்லக்கூடிய காரணங்கள். வாயைத் திறந்ததும் உண்மையே வந்துவிட்டது.

பின்னால் ஒரு சத்தம் கேட்டது. சிரித்தானா, இருமினானா, வேறு ஏதாவதா? முகத்தைப் பார்க்காமல் தெரியாது. நீதிமன்றத்திலும் அவள் அவனுக்குப் பக்கத்தில் நின்றாள், எதிரே நின்றதில்லை. அவன் முகத்தை ஒரு முறைகூட நேராகப் பார்த்ததில்லை.

முதல் நாளில் அவள் இப்படித் திரும்பியிருந்தால் படகு கவிழ்ந்திருக்கும். புஷ்பவல்லி துடுப்பை மடியில் குறுக்கே வைத்தாள். இரண்டு காலையும் மிதித்தாள். மூச்சை இழுத்து, தமிழில் பெயர் கிடைக்காத அந்தத் தசைகளையெல்லாம் இறுக்கி, இடுப்பிலிருந்து மெதுவாகத் திரும்பினாள். விலா திரும்பியது, தோள் திரும்பியது, கழுத்து திரும்பியது. படகு லேசாக ஆடி, நின்றது.

அவன் முகத்தைப் பார்த்துக் கேட்டாள்: “யுகேந்திரன், அன்னிக்கு நீ சொன்னது, தள்ளிக்கிட்டா? தள்ளிவிட்டா?”

அவன் பதில் சொன்னான். வாய் அசைவதைக் கரையிலிருந்து பார்த்தேன். நீளமான பதில். நான் நாற்காலியைவிட்டு எழுந்தேன். அந்த நேரம் பார்த்து ஒரு குடும்பம், அப்பா, அம்மா, மூன்று பிள்ளைகள், பெரிய வெள்ளை அன்னப் படகை மிதித்துக்கொண்டு எனக்கும் அவர்களுக்கும் நடுவே வந்தது. என் வாழ்க்கையில் ஒரு பறவையை அவ்வளவு வெறுத்ததில்லை. அது கடந்துபோக முழுதாக மூன்று நிமிடம் ஆனது.

அன்னம் விலகியபோது இருவரும் துடுப்புப் போட்டுக்கொண்டிருந்தார்கள். இருவர் துடுப்பும் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்கின.

9

“என்ன சொன்னான்?” என்று கேட்டேன். அன்று கேட்டேன், அந்த வாரம் தொலைபேசியில் கேட்டேன், இதை முழுதாக எழுதிமுடித்து வாசித்துக் காட்டிவிட்டும் கேட்டேன்.

புஷ்பவல்லி தேநீரை ஆற்றிக் குடித்தார்.

“முப்பத்தொரு வருஷம், யார் என்ன சொன்னாலும் உடனே திருப்பி, முன்னப்பின்ன தெரியாதவங்க நெறஞ்ச ரூம்ல சத்தமா சொன்னேன். அழுதத சொன்னேன், கெட்ட வார்த்தைய சொன்னேன், பொய்ய பொய்யாவே சொன்னேன். இது ஒண்ணு எனக்குன்னு சொன்னது. இத யாருக்கும் மொழிபெயர்க்க மாட்டேன்.”

“கதைக்கு முடிவு வேணுமே ஆன்டி.”

“அது உங்க வேலை லா.”

நான் என் வேலையைச் செய்து பார்த்தேன். அவன் குற்றமற்றவன் என்று ஒரு முடிவு எழுதினேன். அதில் அவள் அந்த இரண்டு வருடத்தைச் சுமந்துகொண்டு துடுப்புப் போடுவது எனக்குத் தாங்கவில்லை. ‘தள்ளிவிட்டுத்தான் போனேன் ஆன்டி, நீங்க சரியாத்தான் சொன்னீங்க’ என்று ஒன்று எழுதினேன். அவளைக் காப்பாற்ற அவனைக் கொடுத்துவிட்டதுபோல் இருந்தது. அவளுக்காக அவன் பொய் சொன்னதாக மூன்றாவது எழுதினேன். அது மற்ற இரண்டைவிட நன்றாக வந்துவிட்டது. அதனாலேயே அதை நம்பவில்லை.

எனக்குத் தெரிந்தது இவ்வளவே. அடுத்த ஞாயிறும் அவள் வந்தாள். யுகேந்திரன் அவளை ‘ஆன்டி’ என்று கூப்பிடுவதை விட்டு ‘அக்கா’ என்று கூப்பிட ஆரம்பித்திருந்தான். ஒருவர் படகைத் தண்ணீரில் இறக்கி, “இன்னிக்குத் தனியா போங்கக்கா” என்றான். அவள் போனாள். நடு ஏரிவரை போய்த் திரும்பினாள். புதன்கிழமை இந்துஜாவின் பாயில் கை ஊன்றாமல் எழுந்தாள். ஆசிரியர் என்னிடம் கட்டுரை கேட்பதை நிறுத்திவிட்டார்.

மிச்சத்தை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். அவன் சொன்ன பதிலுக்கு இங்கே இடம் விட்டிருக்கிறேன்:

“                                        ”

நிபந்தனை ஒன்றே ஒன்று. எழுதுவதற்கு முன் அதை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். உங்கள் எதிரே, ஆடும் படகில், ஓர் அறுபது வயதுப் பெண் இடுப்பை முழுதாகத் திருப்பி உங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். அவளிடம் சொல்லமுடிகிறதா என்று பார்த்துவிட்டு எழுதுங்கள்.